மலையைப் பார்க்காமல் 'எஸ்' சொல்லாதவர்

1993-ஆம் வருடம் ஜூலை 12, திங்கட்கிழமை, காலை மணி பத்து நாற்பது. நல்ல வெயில், கூடவே மேல்காற்று. சூளைப் புகை நிமிர முடியாமல் கிழக்கே சாய்ந்து ரயில் பாதைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காயவைத்த தட்டுகளில் தூசி படியாமல் இருக்க மூன்று பக்கம் கோணிச்சாக்கு கட்டியிருந்தார்கள். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் நான் எழுத்தராக இருந்த பீங்கான் பட்டறை அது. அந்தச் சாக்குகளுக்கு நடுவே ஓர் அம்மாவுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கப் போனேன். கையில் இரண்டு தாள். அவற்றில் பதினான்கு கேள்வி, பதினான்கு பதில்.

இந்த விஷயத்தை ஊரில் நான்கைந்து விதமாகச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குத் திமிர் என்றார்கள். முதலாளியை மிரட்டிக் காரியம் சாதித்தவர் என்றார்கள். நான் அங்கே இருந்தவன், அதனால் எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால், எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, இதில் எத்தனை வரி நீங்கள் நேரில் பார்த்தது, எத்தனை வரி கேட்டது என்று விசாரிப்பார். எழுபத்தெட்டு வயதில் அந்த விசாரணை எனக்குத் தாங்காது.

வண்ணப் பிரிவில் மொத்தம் ஒன்பது பெண்கள். எட்டுப் பேர் கோப்பை விளிம்புக்குக் கோடு போடுகிறவர்கள். இவர் ஒருவர்தான் சீனரி போடுகிறவர். சுவரில் மாட்டுகிற தட்டு. அதில் இரண்டு மலை, மலைகளுக்கு நடுவில் பாதிச் சூரியன், கீழே இறங்கி வரும் ஆறு, கரையில் மூன்று மரம். அடியில் ஊர்ப் பெயர். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மூன்று ஊர்களுக்கும் ஒரே மலைதான். பெயர் மட்டும் மாறும். அந்த ஊர்களுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது தட்டு வரைவார். தட்டுக்கு இருபது காசு. பதினோரு வருடம் அப்படி வரைந்திருந்தார். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் பெயர் மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் இல்லை. துண்டு வேலைக்காரர்களுக்குப் பதிவேடு கிடையாது. காய்ச்சல் என்று படுத்தால் கூலி இல்லை, தீபாவளிக்கு போனஸ் இல்லை. மாசச் சம்பளம் வேண்டும், பதிவேட்டில் பெயர் வேண்டும் என்று வருடத்துக்கு ஒரு முறை முதலாளியிடம் கேட்பார். பார்க்கலாம் என்பார் முதலாளி.

அந்த ஜூலையில் வடக்கேயிருந்து ஒரு வியாபாரி வருவதாக இருந்தது. மூன்று மலை ஊர்களிலும் பரிசுப்பொருள் கடை வைத்திருப்பவர், தமிழ் தெரியாது. சீனரி போடுகிற கையைப் பார்க்க வேண்டும், அந்த ஆளிடம் பேச வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தார். அந்த மலைகளை நேரில் பார்த்தவர் வரைந்தது என்றால் அட்டைப்பெட்டியிலேயே அப்படி அச்சடித்துவிடுவாராம். ஆயிரம் டஜன் ஆர்டர். முதலாளி அம்மாவைக் கூப்பிட்டு, "அந்த ஆள் கேக்கறதுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்லிட்டேன்னா, ஆர்டர் வந்த அன்னிக்கே உன் பேரை மஸ்டர் ரோல்ல ஏத்தச் சொல்லிடறேன்" என்றார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அந்த ஆள் கேட்கக்கூடும் என்று நான் எழுதிய பதினான்கில் முதல் மூன்று கேள்வி சுலபம். நான்காவது, இந்தப் படத்தில் என்ன நிறங்கள் இருக்கின்றன என்பது. அந்த அம்மா தட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"ரிவர் பிளாக். ட்ரீ பிளாக். மவுண்டன் பிளாக். சன் ரெட்."

"ரிவர் ப்ளூம்மா."

"இல்ல சார், பிளாக்கு. இதோ பாருங்க." பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினார். கறுப்புச் சேறுதான் சொட்டியது. ஆற்றுக்குப் போடுகிற பொடி சூளைக்குப் போகும்வரை கறுப்பு, வெந்த பிறகுதான் நீலம். மரத்துக்குப் போடுவதும் கறுப்பு, வெந்து பச்சையாகும். எது எது என்று அவர் டப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். தேங்காயெண்ணெய் டப்பாவில் ஆறு, பால்பவுடர் டப்பாவில் மரம்.

"வெந்து வந்ததும் நீலமாத்தானே இருக்குது? வாங்கறவன் அதைத்தானே பாப்பான்?"

"அதை சூளை போடுது சார். என்னைக் கேட்டா நான் போட்டதைத்தான் சொல்லுவேன்."

கோடு போடுகிற பெண்கள் எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான் இரண்டாவது தாளில் நான்காம் பதிலை அடித்துத் திருத்தினேன். ஆறு முதலில் கறுப்பு, நெருப்பில் நீலமாகிறது என்று எழுதினேன். முதல் திருத்தம் அது. இன்று நினைத்தால் பதினான்கில் அது ஒன்றுதான் உருப்படியான பதில்.

அந்த அம்மாவின் குணமே இதுதான். பார்த்தியா என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் ஒரு சொல். மதியம் சாப்பிடும்போது பெண்கள் யாரையாவது பற்றிப் பேச்செடுப்பார்கள். இன்னார் பெண் லாரி டிரைவரோடு வேப்பூர் பக்கம் போனாளாம் என்பார்கள்.

"பாத்தியா நீ?"

"எல்லாரும் சொல்றாங்கக்கா."

"எல்லாரும் பாத்தாங்களா?"

அதோடு பேச்சு நின்றுவிடும். அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டால் ருசியே இல்லை என்று நான்கு பேர் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். மங்கலம்பேட்டையில் துணிக்கடையில் வேலை செய்த ஒரு பையனுக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டார் இவரிடம் வந்து விசாரித்தார்கள். பையன் இவர் தெருக்காரன், குடியில்லாதவன், ஒரு வம்புக்கும் போகாதவன். இவர் சொன்ன பதில்: "சாப்பிடும்போது பாத்திருக்கேன். நல்லா சாப்பிடுவான். வேற நான் பாக்கல." அந்தச் சம்பந்தம் முறிந்தது. பையனின் தாய் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கே அது சரியாகப் படவில்லை. ஒரு வார்த்தை, நல்ல பையன் என்று ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நல்லவன்னு சொல்லி நாளைக்கு அவன் அடிச்சா, அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து நிப்பா சார். அப்ப நான் எங்க போய் ஒளிஞ்சிக்கிறது?"

பட்டறையில் ஒருமுறை இரண்டு பெட்டி கோப்பை காணாமல் போனது. காவல்காரன்தான் எடுத்தான் என்று எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொன்னார் முதலாளி. இருபத்திரண்டு பேரில் இருபத்தோரு பேர் போட்டோம். நானும் போட்டேன். அவர் போடவில்லை. காவல்காரன் மேல் அவருக்கும் சந்தேகம்தான். ஆனாலும் போடவில்லை. பத்து நாள் கழித்து அந்தப் பெட்டிகள் லாரி செட்டிலேயே கிடைத்தன. அதற்குள் காவல்காரனை வேலையை விட்டு அனுப்பிவிட்டிருந்தோம். அந்த இருபத்தோரு கையெழுத்தில் என்னுடையது எத்தனையாவது என்று எனக்குத் தெரியும். ஏழாவது.

இனி ஒன்பதாம் கேள்விக்கு வருகிறேன். மற்ற பதிமூன்று பதிலையும் அந்த அம்மா எட்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் நூற்று நாற்பது தட்டில் ஒரு கோடு பிசகாத கை, நாக்கும் அப்படியே. ஒன்பதாவது மட்டும் வரவில்லை. கேள்வி இது: இந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் எழுதிய பதில்: "எஸ் சார். ஐ ஹேவ் சீன். தி சீனரி இஸ் வெரி பியூட்டிஃபுல். தி மவுண்டன்ஸ் டச் தி ஸ்கை."

"நோ சார்" என்றார்.

"பதில் எஸ்."

"நான் போனதில்லையே சார். கருவேப்பிலங்குறிச்சி தாண்டுனதே ரெண்டு தடவதான்."

"பதினோரு வருஷமா அந்த மலையை வரையறியேம்மா! கண்ணை மூடிட்டுக்கூட வரைவே. அது பாத்த மாதிரிதானே?"

"தட்டுல போட்டது தட்டோட பூடும் சார். வாயில சொன்னது எங்கூடவே இருக்கும்."

பதிலைத் திருத்தினேன். மலைகள் மிகவும் அழகானவை என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்று எழுதினேன். யார் சொன்னார்கள் என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். நீங்கள் பார்த்தீர்களா என்றார். நானும் பார்த்ததில்லை. ராணிப்பேட்டை வரை போயிருக்கிறேன். அது மலை ஊர் ஆகாது. மூன்றாவது முறையாகத் திருத்தி, அது ஓர் இனிய கனவு போன்ற இடம் என்று எழுதினேன். கனவில் என்ன வந்தது என்று அவன் கேட்டால் என்ன சொல்வது என்றார். அன்றைக்கு எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகப் போயிற்று.

வியாபாரி வர ஒன்பது நாள்தான் இருந்தது. முதலாளி தினமும் என்னிடம் கேட்டார். "என்னய்யா, ரெடியா?" பதிமூன்று ரெடி என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ரெடி என்றேன். அந்தப் பொய் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் அந்த அம்மாவிடம், "நேர்ல பாத்துட்டா எஸ் சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"பாத்தா சொல்லுவேன் சார். எனக்கென்ன நோவுது?"

மூன்றில் பக்கத்தில் இருப்பது ஏற்காடு. வேப்பூர் போய் சேலம் பஸ் பிடித்து, சேலத்தில் மாறி மேலே போக வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு வழிக்கு இருபத்தேழு ரூபாய். அவரும் அவர் வீட்டுக்காரரும், போக வர. சாப்பாட்டுக்கு முப்பத்தொன்று ஐம்பது. பணத்தை நானே கொடுத்தேன், பிறகு முதலாளியிடம் வவுச்சர் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று. இரண்டு நாள் கூலி போகிறதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு நான் கேட்டருகே நின்றேன். முதலில் வந்தவர் அவர் வீட்டுக்காரர். வேறொரு பட்டறையில் சூளைக்கு விறகு தள்ளுகிறவர், அதிகம் பேசமாட்டார்.

"எப்படிங்க இருந்துச்சி?"

"சூப்பர் சார். போண்டா சூடா இருந்திச்சி."

அம்மா பின்னால் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஜலதோஷம்.

"பாத்தியாம்மா?"

"போனேன் சார்."

"மலை?"

"தெரியல சார். ஒரே பனிமூட்டம். காலையிலயும் அப்படித்தான், சாயங்காலமும் அப்படித்தான். எல்லாம் வெள்ளை. நம்ம அச்சுல ஊத்தற மண்கரைசல் தொட்டி இருக்குதே, அதுக்குள்ள தலைய வுட்டு முழிச்சா எப்படி இருக்கும், அப்படி. இவரு கைய நீட்டினாரு, கை தெரியல."

"ஏரி?"

"சத்தம் கேட்டிச்சி."

மனசுக்குள் செலவைக் கூட்டினேன். நூற்று முப்பத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு. "பனி அழகாத்தானே இருந்திருக்கும்? அதைச் சொல்லிடலாம். தி மிஸ்ட் இஸ் வெரி பியூட்டிஃபுல்" என்றேன்.

"எனுக்கு அழகாத் தோணல சார். குளிருச்சி. செருப்பு நனஞ்சி வழுக்கிச்சி. அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது, அதைச் சொல்லிக் குடுங்க."

சொல்லிக்கொடுத்தேன். வேறென்ன செய்வது? வெள்ளைக்கு ஒரு வாக்கியம், குளிருக்கு ஒரு வாக்கியம், செருப்புக்கு ஒன்று. நான்காவது திருத்தம்.

வியாபாரி ஒரு வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு வந்தார். உயரமான மனிதர், கையில் தொப்பி. முதலாளி கைகட்டிப் பின்னால் நின்றார். எட்டுக் கேள்வி ஒழுங்காகப் போயின. ஆறு முதலில் கறுப்பு என்றதும் அவர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நான் பயந்தபடியே கேட்டார், இந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று.

"எஸ் சார்" என்றார் அம்மா. முதலாளி முகம் மலர்ந்தது. அது நான்கு நொடிகூட நிற்கவில்லை. "ஐ வென்ட் டு ஏற்காடு. ஐ சா நத்திங். ஆல் ஒயிட். வெரி கோல்ட். மை செப்பல் வாஸ் வெட். நோ மவுண்டன் சார். நோ சன்."

வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். வருடத்தில் ஐந்து மாதம் தன் கடை வாசலும் அப்படித்தான் இருக்கிறது, வந்தவர்கள் ஒன்றும் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே தட்டை வாங்கிப் போகிறார்கள் என்றார். தட்டில் ஏன் சூரியன் போடுகிறாய் என்று கேட்டார். அது பதினான்கில் இல்லாத கேள்வி. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்:

"யூ பே, ஐ புட்."

ஆயிரம் டஜனுக்குப் பதில் அறுநூறு டஜன் ஆர்டர் எழுதினார். பெட்டியில் எதையும் அச்சடிக்க வேண்டாம் என்றார். அறுபது நாள் கெடு, அதற்குள் வராவிட்டால் எடுக்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கார் கேட்டைத் தாண்டுவதற்குள் முதலாளி திரும்பினார். "நானூறு டஜன் போச்சு. உன் வாயால போச்சு. மஸ்டர் ரோலாவது மண்ணாவது!"

"வாயால போச்சின்னு அவரு சொன்னாரா சார்? நான் கேக்கலியே."

"எதிர்த்துப் பேசறியா?"

"ஆர்டர் வந்தா பேரை ஏத்தறேன்னீங்க. ஆர்டர் வந்திச்சி. நான் பாத்தேன்."

மறுநாள் எட்டு மணிக்கு வந்தார். தன் பலகையில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறக்கவில்லை. பிரஷ்ஷைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாளும் அப்படியே. சத்தம் இல்லை, கொடி இல்லை. கேட்டவர்களுக்கு ஒரே பதில்: "பேரை ஏத்தட்டும், மலை ஏறும்." முதலாளி மற்ற எட்டுப் பேரைச் சீனரி போடச் சொன்னார். அவர்கள் போட்ட மலைகள் கொழுக்கட்டை மாதிரி இருந்தன. ஒருத்தி சூரியனை மலைக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

எனக்குப் பதற்றம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"ஏம்மா, நெலமை புரியுதா? ஏழாயிரத்து இருநூறு தட்டு. உன் கைக்கு ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது. வகுத்துப் பாரு, அம்பத்தொண்ணரை நாள். கெடு அறுபது. எட்டரை நாள்தான் மிச்சம். அதுல மூணு ஓடிப்போச்சு."

அவர் அதுவரை என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"அப்ப இன்னும் அஞ்சரை நாள் உக்காரலாமா சார்?"

உட்கார்ந்தார். முழுதாக உட்கார்ந்தார். எட்டாம் நாள் மாலை முதலாளி வண்ணப் பிரிவுக்கே வந்தார். கத்தினார், கெஞ்சினார், ஒரு சாரியாவது சொல்லு, இங்கிலீஷிலேயே சொல்லு என்றார். "நோ சார்" என்றார் அம்மா. "நாளைக்கு மத்தியானம் தாண்டுனா நான் போட்டாலும் கெடுவுக்குள்ள முடியாது. எட்டரை நாள்தான் மிச்சம் இருந்திச்சி." முதலாளி பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோனேன். இருபத்து மூன்றாம் வரியில் அந்த அம்மாவின் பெயரை, தகப்பன் பெயரோடு, முழுதாக எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் விழுந்தது. அவர் குனிந்து தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு தேங்காயெண்ணெய் டப்பாவைத் திறந்தார்.

முதலாளி போகிறவர் நின்று கேட்டார். "ஆமா, எட்டரை நாள்னு உனக்கு யாரு கணக்குப் போட்டுக் குடுத்தது?"

நான் பதிவேட்டை மூடிக்கொண்டு அங்கேயே நின்றேன். அம்மா தெரியாது என்று சொல்லலாம். வீட்டுக்காரர் போட்டார் எனலாம். அம்மா பிரஷ்ஷைத் தோய்த்தபடியே சொன்னார்:

"ரைட்டர் சார்தான் சொன்னாரு. என் பக்கத்துல குந்திச் சொன்னாரு."

என்னுடைய அந்த மாதச் சம்பளத்தில் எட்டு நாள் பிடித்தார்கள். நாளைக்கு நாற்பத்தைந்து வீதம் முந்நூற்று அறுபது. ஏற்காடு வவுச்சரை முதலாளி என் கண்ணெதிரே இரண்டாகக் கிழித்தார். அம்மாவிடம் போய், என் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அதை யாரும் திருத்தவும் முடியாது. அவர்மேல் எனக்கு வருத்தம் இருந்ததா என்று வீட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள். இல்லை. எத்தனை முறை கேட்டாலும் இல்லை. அன்று மாலை வீட்டுக்கு நடந்துபோகும்போது கூட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து தாளில் எழுதியும் கூட்டினேன். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் ஐம்பது காசு.